ஏறி இறங்கும் ரப்பர் வளையம்

அந்தச் சனிக்கிழமை காலையில் வெண்டல் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தான். இனிமேல் வாரத்துக்கு இரண்டு பொய் கிடையாது. ஒன்றோடு நிறுத்திக்கொள்வது.

எந்த ஒன்று என்பதில்தான் சிக்கல். பல் தேய்த்துக்கொண்டே யோசித்தான். மலையடிவாரத்தில் நண்பர்களிடம் சொல்கிற பொய்யை விட்டால் மானம் போகும். வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்யை விட்டால் சைக்கிள் போகும். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். தீர்மானமும் அதோடு போயிற்று.

சைக்கிள் என்றால் பால்காரர் சைக்கிள் இல்லை. மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகிற லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து வேரிலும் பாறையிலும் தடதடவென்று இறங்குகிற சைக்கிள். முன்னால் சக்கரத்தை இரண்டு காலால் கவ்விக்கொள்கிற ஃபோர்க், பின்னால் அதிர்ச்சி தாங்குகிற ஷாக், இரண்டுக்கும் உள்ளே காற்றும் எண்ணெயும். விலை அவன் மனைவி கோரினின் காரைவிட அதிகம். அது அவளுக்குத் தெரியாது என்று வெண்டல் நம்பிக்கொண்டிருந்தான். அவன் நம்பிக்கொண்டிருந்த விஷயங்கள் நிறைய.

ஃபெர்னி என்கிற அந்த மலையூரில் ஒருவனுடைய யோக்கியதையை முகத்தில் பார்க்க மாட்டார்கள். ஃபோர்க்கின் காலில் பார்ப்பார்கள். அந்தப் பளபளப்பான காலில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் உண்டு. சைக்கிள் குதித்து விழும்போது ஃபோர்க் அமுங்கும். எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுக்கு வளையத்தை மேலே தள்ளிவிடும். ஃபோர்க் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். வளையம் மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்கும். உச்சியில் நின்றால் ஆண்பிள்ளை. நடுவில் நின்றால் குடும்பஸ்தன். அடியில் நின்றால் சுற்றுலா வந்தவன். அடிவாரத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில், பீர் டப்பாவைத் திறக்கும் முன் எல்லார் கண்ணும் எல்லார் வளையத்தையும் ஒரு சுற்று சுற்றி வரும். வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை.

வளையத்தை உச்சிக்கு ஏற்றுகிற இடம் அந்த மலையில் ஒன்றுதான். 'பல் வைத்தியர்' என்று ஒரு பாதை. அதில் பாதி இறக்கத்தில் பத்தடிப் பாறை ஒன்று. பாதைக்குப் பொருத்தமாகப் பாறைக்கு 'நாற்காலி' என்று பேர் வைத்திருந்தார்கள். அதன் விளிம்பிலிருந்து சைக்கிளோடு குதிக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெண்டல் குதித்தான். மீசையில் நிறையவே மண் ஒட்டியது. காறையெலும்பு ஒன்று, விலா மூன்று. உள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது கோரின்தான். புருஷன் என்று பார்க்கவில்லை. "மூச்சை இழுத்துப் புடி, அசையாத" என்று எல்லாருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள். பிறகு அவளே வண்டி ஓட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். 'வெண்டல் இன்னொரு முறை நாற்காலியிலிருந்து குதித்தால் சைக்கிள் விற்கப்படும்.' வெண்டல் இடது கையால் கையெழுத்துப் போட்டான். வலது கை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையெழுத்தை அவன் காப்பாற்றினான். வெட்கக்கேடே அதுதான். பெண்டாட்டிக்குப் பயந்து காப்பாற்றியிருந்தால்கூட ஊரில் மன்னிப்பு உண்டு. இவன் பாறைக்குப் பயந்து காப்பாற்றினான். நிலக்கரிச் சுரங்கத்தில் மாடி வீடு உயரத்துக்கு லாரி ஓட்டுகிற மனுஷன். அந்த விளிம்பில் போய் நின்றால் கை தானாக பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். பாறையைச் சுற்றி ஓரமாக ஒரு சந்து உண்டு. கோழைகளுக்கென்று விட்டது. 'கோழி வழி' என்பார்கள். இரண்டு வருஷமாக வெண்டல் அந்த வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து இறங்கினான். கீழே வந்ததும் கட்டைவிரலால் வளையத்தை உச்சிக்கு ஏற்றினான். அது நண்பர்களுக்கு. வீட்டுக்குப் போகிற வழியில் மாதாகோயில் வளைவில் வண்டியை நிறுத்தி அதை நடுவுக்கு இறக்கினான். அது கோரினுக்கு. குற்றமே செய்யாதவன், இரண்டு இடத்தில் தடயத்தை மாற்றிவைத்துக்கொண்டு திரிந்தான்.

கோரினுக்கு வளையத்தைப் பற்றி எப்படித் தெரியும் என்றால், நுணலும் தன் வாயால் கெடும். கல்யாணமான புதிதில் இதே வெண்டல்தான் இரவுச் சாப்பாட்டில் முள்கரண்டியை ஃபோர்க்காக நிமிர்த்திப் பிடித்து, வெங்காய வளையத்தை அதில் மாட்டி, ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். அன்று அவள் கொட்டாவி விட்டாள். ஆனால் ஒரு வரி விடாமல் நினைவில் வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமையும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. நாற்காலிக்கு மேலே வந்ததும் வெண்டல் இறங்கி ஃபோர்க்கை முறைத்தான்.

"நீங்க போங்கடா. ரீபவுண்ட் சரியில்ல, அமுங்கினா நிமிர மாட்டேங்குது. ரெண்டு கிளிக் திருகிட்டு வர்றேன்."

"வாரா வாரம் இதே எடத்துலதான் உனக்கு கெட்டுப்போவுது" என்றான் புரூனோ. தச்சன். இருபது வருஷ சிநேகிதன்.

"இந்த எடத்துலதானடா ஃபோர்க்குக்கு வேலையே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் புரூனோ குதித்தான். கீழே தொம்மென்று சத்தம். அப்புறம் ஒரு ஊளை. உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குதித்துத் தீர்ந்தார்கள்.

வெண்டல் கோழி வழியில் நடந்தான். போன வருஷம்வரை வேர் தடுக்கும், வழுக்கும். இந்த வசந்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மண்ணைச் சமன் செய்து, கல் பாவி, அகலப்படுத்தியிருந்தான். வெண்டல் அந்த முகம் தெரியாதவனை மனசுக்குள் வாழ்த்தினான். கீழே வந்து, துணியை எடுத்து ஃபோர்க்கின் காலில் படிந்திருந்த ஆகஸ்ட் மாதத்துத் தூசியைத் துடைத்தான். தூசி பொல்லாதது. ஃபோர்க் நிஜமாக அமுங்கினால் தூசி வழித்துக்கொண்டு போகும். விரலால் வளையத்தை ஏற்றினால் தூசி அப்படியே இருந்து காட்டிக்கொடுக்கும். ஆகவே துடைத்துவிட்டு, வளையத்தை ஏற்றினான். ஏற்றும்போது ஒவ்வொரு வாரமும் அவனுக்குத் தன்மேல் ஒரு வெறுப்பு வரும். அன்றும் வந்தது.

அடிவாரத்தில் எல்லார் கண்ணும் ஒரு சுற்று வந்தது. வெண்டலின் வளையத்தில் நின்று, நகர்ந்தது. பீர் குளிர்ச்சியாக இருந்தது. பேச்சு பலகையைப் பற்றி வந்தது. அந்த ஊரில் பாதைக்குப் பேர் வைத்தால் தேவதாருப் பலகையில் செதுக்கி மரத்தில் அடிப்பார்கள். செதுக்குவது புரூனோ. இருபது வருஷமாகப் பாதை வேலைக்கு மண்வெட்டி பிடித்தும் வெண்டல் பேரில் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடையாது. அந்த ஏக்கத்தை இரண்டாவது பீரில் அவன் சொல்வது வழக்கம்.

"எனக்கும் ஒரு பலகை வைக்கலாம்ல?"

"பலகை வேணும்னா ஒன்னு பெருசா ஏதாவது செய்யணும். இல்லன்னா சாகணும்" என்றான் புரூனோ. "நீ ரெண்டும் செய்யல. நான் என்ன பண்ண?"

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான். சிரிக்காவிட்டால் வலித்தது என்று தெரிந்துபோகும்.

கிளம்புகிற நேரத்தில் புரூனோவின் வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகினான். பானெட்டைத் திறந்தான். பெருமூச்சு விட்டான்.

"பேட்டரி போச்சு. என்னை எறக்கி விட்டுடுடா."

"உன் வீடு அந்தப் பக்கம்ல?"

"உன் வீட்டுக்கே வர்றேன். கோரின்கிட்ட ரம்பம் ஒன்னு குடுத்திருக்கேன், வாங்கணும்."

சிநேகிதனை நடுத்தெருவில் விட முடியுமா? இரண்டு சைக்கிளையும் வண்டியின் பின்கதவில் முன்சக்கரத்தைத் தொங்கவிட்டு மாட்டினார்கள். வெண்டலின் ஃபோர்க் ஊருக்கே காட்சியாக நின்றது. வளையம் உச்சியில். மாதாகோயில் வளைவு நெருங்க நெருங்க அவனுக்கு வேர்த்தது.

"கொஞ்சம் நிறுத்தறேன்டா. அவசரம். ஒன்னுக்கு."

"அஞ்சு நிமிஷத்துல வீடு."

"தாங்காது."

நிறுத்தினான். இறங்கினான். புரூனோவும் இறங்கினான்.

"நீ எதுக்குடா?"

"கரடி. நேத்து இந்தப் புதர்லதான் ரெண்டு குட்டியோட நின்னுச்சு. தனியா விட முடியுமா?"

"ஒன்னுக்குப் போறதுக்குக் காவலா?"

"நீ போ. நான் திரும்பி நின்னுக்கறேன்."

திரும்பி நின்றான். சைக்கிள் பக்கமாகத் திரும்பி நின்றான். வெண்டல் வராத மூத்திரத்துக்கு ஒரு நிமிஷம் புதரைப் பார்த்து நின்றுவிட்டு, வளையத்தைத் தொடாமலே வண்டியில் ஏறினான்.

வீட்டு வாசலில் கோரின் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். சனிக்கிழமைதோறும் அந்த நேரத்தில் தோட்டத்தைப் பார்க்கிற பாவனையில் அங்கே நிற்பாள். இன்று தோட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்னால் வந்தாள்.

"இது என்ன வெண்டல், உச்சில நிக்குது?"

வெண்டல் வாயைத் திறப்பதற்குள் புரூனோ முந்திக்கொண்டான்.

"நாற்காலி. வேறென்ன? இவன் வாரா வாரம் குதிக்கறான். உனக்குத் தெரியாதா கோரின்?"

"அப்படியா?" என்றாள் அவள், வெண்டலை மட்டும் பார்த்து. "குதிச்சியா?"

இடப்பக்கம் மானம், வலப்பக்கம் சைக்கிள். நடுவில் வெண்டல். குதிக்கவில்லை என்றால் சைக்கிள் தப்பும். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அவன் கோழி. குதித்தேன் என்றால் மானம் தப்பும். சைக்கிளை அவள் விற்பாளா? விற்கமாட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஐம்பத்திரண்டு வயசில் புருஷன் பத்தடி குதிக்கிறான் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் படுவாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் வெண்டல் அப்படித்தான் கணக்குப் போட்டான்.

"ஆமா. குதிச்சேன்" என்றான். குரல்கூடக் கம்பீரமாக வந்தது.

"சரி" என்றாள் கோரின். கோப்பையைத் தோட்டத்துச் சுவர்மேல் வைத்தாள். போனை எடுத்தாள். சைக்கிளை முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, ஃபோர்க்கை நெருக்கத்தில் ஒன்று என்று படம் பிடித்தாள். புரூனோ ரம்பத்தை வாங்கிக்கொண்டு தன் சைக்கிளில் ஏறிக் கிளம்பினான்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் காரமான பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் இருந்தன. வெண்டலுக்கு இறங்கவில்லை.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு க்ரான்புரூக்லேர்ந்து ஒருத்தர் வர்றார்" என்றாள் கோரின், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "நல்ல மனுஷனாத் தெரியறார்."

"எதுக்கு?"

"சைக்கிள் வாங்க."

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தான். இனி மானம் பார்த்துப் பிரயோஜனமில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"கோரின், நான் குதிக்கல."

"மத்தியானம் குதிச்சேன்னியே."

"புரூனோ இருந்தான்ல? அதுக்காகச் சொன்னேன். ரெண்டு வருஷமா கோழி வழிலதான் நடந்து எறங்கறேன். சத்தியமா."

"சைக்கிளைக் காப்பாத்தப் பொய் சொல்ற."

"பொய் இல்லடி. உண்மை."

"உன்கிட்ட அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனான். ஃபோர்க்கின் முன்னால் மண்டியிட்டான். வக்கீல்கூடத் தன் கட்சிக்காரனுக்காக அப்படி வாதாட மாட்டான்.

"இங்க பாரு. நெசமா அமுங்கியிருந்தா தூசிய வழிச்சிருக்கும். அமுங்கலன்னா தூசி அப்படியே…" நிறுத்தினான்.

"எங்க தூசி?" என்றாள் கோரின், குனிந்து பார்த்து. "கண்ணாடி மாதிரி இருக்கே."

"தொடச்சிட்டேன்."

"எதுக்குத் தொடச்ச?"

"குதிக்கலன்னு தெரியக்கூடாதுன்னு."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்" என்றான் வெண்டல். தன் கையால் துடைத்த தூசிக்காக அழப்போகிற முதல் மனுஷன் தானாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

கோரின் அந்தப் பளபளப்பில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல பாதை வேலை. எல்லாரும் வருவாங்க. நானும் வர்றேன். அவங்க முன்னாடி சொல்லு, நம்பறேன்."

"என் மானம் போயிடும்."

"அதனாலதான் நம்புவேன். மானம் போற விஷயத்த எவனும் பொய்யாச் சொல்ல மாட்டான். சொல்லலன்னா நீ குதிச்சன்னு அர்த்தம். பதினோரு மணிக்கு அவர் வந்துருவார்."

இரவெல்லாம் சைக்கிள் ஒரு தட்டிலும் மானம் ஒரு தட்டிலுமாக ஆடியது. இந்த வயசில் மானம் என்பது நாலு பேர் வண்டி நிறுத்துகிற இடத்தில் பார்க்கிற பார்வைதான். சைக்கிள் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கே போக முடியாது. பார்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விடிந்தபோது சைக்கிள் ஜெயித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலிக்குக் கீழே பதினான்கு பேர் மண்வெட்டியும் காபியுமாக நின்றார்கள். கோரின் நடைபூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றாள். வெண்டல் தொண்டையைக் கனைத்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும். நான் நாற்காலிலேர்ந்து குதிக்கறதில்ல. ரெண்டு வருஷமா இந்தச் சந்துல நடந்துதான் வர்றேன். வளையத்தைக் கட்டைவிரலால ஏத்துவேன். ரீபவுண்ட் ஒரு தடவகூடக் கெட்டதில்ல. பயம். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒருவன் காபியை உறிஞ்சினான். இன்னொருவன் தன் பூட்ஸைப் பார்த்தான். அப்போதுதான் வெண்டலுக்கு ஒன்று புரிந்தது. யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"முடிஞ்சுதா?" என்றான் புரூனோ. "சரி, வண்டிலேர்ந்து அதை எடுத்துட்டு வாங்கடா."

இரண்டு பேர் போய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேவதாரு. அழகான எழுத்து. 'வெண்டல் வழி' என்று செதுக்கி, பக்கத்தில் ஒரு கோழியும் செதுக்கியிருந்தது. கோழி தத்ரூபமாக இருந்தது.

வெண்டல் கையை நீட்டிப் பலகையைத் தொட்டான். வார்னிஷ் காய்ந்திருந்தது. தச்சன் இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். வார்னிஷ் அப்படிக் காய மூன்று நாளாவது ஆகும். அவன் வாயைத் திறக்க முடிவுசெய்தது இன்று விடிகாலையில்.

"உன் வண்டி பேட்டரி என்னடா ஆச்சு?"

"பேட்டரிக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு" என்றான் புரூனோ.

வெண்டல் திரும்பி மரத்தடியைப் பார்த்தான்.

"பதினோரு மணிக்கு யார் வர்றாங்க?"

"யாரும் வரல" என்றாள் கோரின். "விளம்பரமே போடல."

"எப்பத்துலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"வெண்டல், குதிக்கறவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவயாவது என் எக்ஸ்ரே மேஜைல வந்து படுக்கறாங்க. நீ ரெண்டு வருஷமா வரல."

"நான் மூணு தடவ படுத்தேன்" என்று புரூனோ தன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினான்.

"தெரிஞ்சுதுன்னா விட வேண்டியதுதானே? நான்தான் குதிக்கலையே. எதுக்கு இத்தனை பேர் முன்னாடி…"

"இன்னிக்கு வரைக்கும் குதிக்கல" என்றாள் அவள். மரத்தடியிலிருந்து நகர்ந்து கிட்டே வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "குதிக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தா ஒரு நாள் அதைக் காப்பாத்தறதுக்காகவே குதிப்ப. உன்னை எனக்குத் தெரியும். இனிமே காப்பாத்த ஒன்னும் இல்ல பாரு. உன் எலும்பை இன்னொரு தடவ படம் புடிக்க என்னால ஆகாது. அன்னிக்கே கை நடுங்கிச்சு."

ஏமாற்றியவள்மேல் கோபப்படலாம் என்றால் அதற்கும் இடம் வைக்கவில்லை. கன்னத்தில் அறைந்துவிட்டு அங்கேயே முத்தமும் கொடுத்தால் மனுஷன் எந்தக் கன்னத்தைத் தடவிக்கொள்வான்? வெண்டலுக்குக் கண் கலங்கியது. பதினான்கு பேரும் தத்தம் காபியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்லெல்லாம் பாவி, அகலப்படுத்தினது யாருடா?" என்று மட்டும் கேட்டான்.

"நாங்கதான். ஏப்ரல்ல" என்றான் புரூனோ. "கோரின் வந்து கேட்டுக்கிட்டா. அவளும் வந்து வேர் அறுத்தா, அந்த ரம்பமே அதுக்குக் குடுத்ததுதான். இந்தா சுத்தியல். உன் பலகை, நீயே அடி."

வெண்டல் அடித்தான். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நேராக இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை அடிவாரத்தில் அவன் வளையம் நடுவில் நின்றது. அது தானாக நின்ற இடம், கட்டைவிரல் படவில்லை. யாராவது பார்ப்பார்கள் என்று சைக்கிளைக் கொஞ்சம் திருப்பிக்கூட வைத்தான். கண்கள் ஒரு சுற்று வந்தன. அவன் சைக்கிளில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போயின. பொய் சொன்னபோது இருந்த மரியாதையில் பாதிகூட உண்மைக்கு இல்லை. பீர் சில்லென்று இருந்தது, கசந்தது.

"வெண்டல், இன்னொரு டப்பா எடுடா" என்று புரூனோ கத்தினான்.

பக்கத்தில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். கல்கரி நகரத்திலிருந்து வந்தவள் போலிருந்தாள்.

"நீங்கதான் அந்த வெண்டலா? பலகைல இருக்கற வெண்டல்?"

இருபது வருஷ ஆசை. வெண்டல் தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆமா. நான்தான்."

"ரொம்ப நன்றிங்க. எங்கம்மாவுக்கு எழுபத்தோரு வயசு. உங்க வழி ரொம்ப சௌகரியமா இருந்துச்சுன்னு சொன்னாங்க. எறங்கி நடக்கவே இல்ல, ஓட்டியே வந்துட்டாங்க."